காய்ந்தபின் தாளில் இராதவை

நம் பாடசாலைத் தாவரவியல் ஆய்வுகூடத்து அலுமாரியைத் திறந்தால் முதலில் வருவது நப்தலின் வாசனை. உள்ளே, செடிகளை அழுத்திக் காயவைத்து ஒட்டிய உலர்தாவரத் தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். அப்படி ஒரு தாள் உருவாகும் விதத்தை, கைப்பழக்கம் விட்டுப்போனவர்களுக்காகவும் பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புவோருக்காகவும் எழுதுகிறேன்.

பூவும் காயும் உள்ள கிளையாகப் பார்த்து எடுக்க வேண்டும்; சிறு பூண்டு என்றால் வேரோடு முழுச்செடி. இலையை மட்டும் வைத்து இனம் காண்பது பெரும்பாடு. ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு மரத்தில் பூப்பதாயின் இரண்டிலும் எடுத்துத் தனித்தனி எண் இட வேண்டும். ஓரிடத்தில் 20 செடிகூட இல்லையென்றால் கை வைக்கக்கூடாது. படமும் குறிப்பும் போதும்.

சேகரிப்பவர் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுவதும் ஒரே எண் தொடர். கொடுத்த எண் மறுபடி வராது. ஒரே செடியிலிருந்து எடுத்த நகல்களுக்கெல்லாம் அதே எண். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுவது நல்லது, மை நனைந்தால் கரையும். எதை எழுதுவது என்று தடுமாறினால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காய்ந்தபின் தாளில் எது இராது? இலை வடிவமும் நரம்பும் தாளிலேயே இருக்கும். நிறம், மணம், ஒடித்தால் வடியும் பால், செடியின் உயரம், மரப்பட்டை, மண், பக்கத்தில் வளர்பவை எல்லாம் பறித்த இடத்திலேயே நின்றுவிடும்.

திரண்டால் மிடுக்கு என்போமே, அந்த அடம்பன் கொடியையே எடுங்கள். “எண் 47. கடற்கரை மணல்மேடு, அலை எட்டாத இடம். படரும் கொடி, கணுக்களில் வேர். ஒடித்தால் வெள்ளைப் பால். பூ இளஞ்சிவப்பு கலந்த ஊதா, உட்குழல் கடும் நிறம். காலை 8 மணிக்கு விரிந்திருந்தது.” இதோடு திகதி, இடப்பெயர், அகலாங்கு நெட்டாங்கு, கடல்மட்டத்திலிருந்து உயரம், சேகரித்தவர் பெயர். இந்தச் சில வரிகள் இல்லையென்றால் பின்னாளில் கையில் இருப்பது சுருங்கிய ஒரு கொடித்துண்டுதான். 18ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் சேர்த்த தாள்கள் இன்றும் லண்டனில் பேணப்படுகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றில் இடமும் திகதியும் இல்லை. அந்தக் குறை இன்றும் ஆய்வாளரை வருத்துகிறது.

அழுத்துவதற்கு 45 × 30 செ.மீ. அளவில் இரண்டு மரச்சட்டங்களும் இறுக்க இரண்டு பட்டிகளும் வேண்டும். செய்தித்தாள் மடிப்புக்குள் செடி, வெளியே ஒற்றுத்தாள், இடையிடையே நெளி அட்டை. நீளமான செடியை V அல்லது N போல மடிக்கலாம். ஓர் இலையையாவது புரட்டி, அடிப்பக்கம் தெரிய வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் செடி துவண்டு சொன்னபடி கேட்கும். இலைகளை ஒழுங்கு செய்ய அதுவே சரியான நேரம், பிறகு தொட்டால் முறியும். முதல் 3, 4 நாள் தினமும் தாளை மாற்றிப் பட்டியை இறுக்குங்கள். செடி சுருங்கச் சுருங்கக் கட்டு தளரும். கவனிக்காவிட்டால் இலை சுருக்கம் விழுந்து நிற்கும். தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம், சூடு மிஞ்சினால் பழுப்பு. கன்னத்தில் வைத்துக் குளிர்ந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. சதைப்பற்றான செடிகளைப் பூவை விட்டுவிட்டுக் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தியினுள்ளும் வாரக்கணக்கில் உயிரோடிருந்து இலைகளை உதிர்க்கும்.

ஒட்டும் தாள் ஏறத்தாழ 42 × 28 செ.மீ., அமிலமற்றது. குறிப்புச்சீட்டு வலது கீழ்மூலையில். தடித்த தண்டை நூலால் தைக்கலாம். செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கழன்றுவிடும். உதிர்ந்த விதையும் இதழும் சிறு காகித உறையில் அதே தாளில் இருக்கட்டும்.

காய்ந்த செடியை அரிக்கும் வண்டைக் கொல்ல, தாள்களைப் பொலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டி −20 பாகை செல்சியஸில் ஒரு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் திறக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வருமுன் பிரித்தால் காய்ந்த செடியில் நீர் படியும். முன்பு மேர்க்கூரிக் குளோரைட்டு பூசினார்கள். அது கொடிய நஞ்சு, ஆகவே பழைய தாள்களைக் கையுறையோடுதான் தொட வேண்டும்.

பெயர் தவறென்று பின்னர் தெரிந்தாலும் பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள். சரியான பெயரையும் திருத்தியவர் பெயரையும் ஆண்டையும் சிறு சீட்டில் எழுதி அதற்கு மேலே ஒட்டினால் போதும், பழைய சீட்டில் எழுதியது மறையாமல்.