பவர் பிஐ கோப்பின் எடையைக் குறைத்த அனுபவம்

ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் மூன்று வருட பில் விவரங்களைப் பவர் பிஐயில் (தரவை வரைபட அறிக்கையாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) அறிக்கையாக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒன்றரைக் கோடி வரிசைகளுக்கு மேல் இருந்தன. என் மடிக்கணினியில் கோப்பு மெதுவாகவாவது திறந்தது, ஆனால் பப்ளிஷ் ஆகவில்லை, அதாவது பவர் பிஐயின் இணையச் சேவையில் ஏறவில்லை. புரோ உரிமத்தில் ஒரு மாடல் (கோப்புக்குள் இருக்கும் தரவுத் தொகுப்பு) 1 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. என்னுடையது தாண்டிவிட்டது.

முதலில் வரிசைகளைத்தான் குறைக்கப் பார்த்தேன். பழைய ஒரு வருடத்தை நீக்கியதும் விற்பனைப் பிரிவிலிருந்து கேள்வி வந்தது: மூன்று தீபாவளிகளை ஒப்பிட வேண்டாமா? நியாயமான கேள்விதான். திரும்பச் சேர்த்துவிட்டேன்.

அப்புறம்தான் மாடலை அலசிப் பார்க்க உதவும் டாக்ஸ் ஸ்டுடியோ என்ற கருவியில் அதைத் திறந்து, எந்த நெடுவரிசை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தேன். கோப்பின் பெரும்பகுதியை மூன்றே நெடுவரிசைகள் விழுங்கியிருந்தன: வரிசை அடையாள எண், பில் எண், பில் போட்ட நேரம். பவர் பிஐக்குள் தரவைச் சுருக்கி வைக்கும் வெர்டிபேக் எஞ்சின் அதை நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிக்கிறது. ஒரே மதிப்பு லட்சம் முறை வந்தாலும் அதை ஒரு முறைதான் குறித்துவைக்கும். அதனால் கிளையின் பெயர் எத்தனை கோடி வரிசையில் வந்தாலும் அதிக இடம் பிடிப்பதில்லை. வரிசைக்கு வரிசை மாறும் மதிப்புதான் சுமை.

வரிசை அடையாள எண்ணை அறிக்கையில் யாருமே பயன்படுத்தவில்லை, நீக்கினேன். பில் எண்ணில் கிளைக் குறியீடு எழுத்தாக ஒட்டியிருந்தது. அதை வெட்டிவிட்டு எண்ணாக மாற்றினால் போதும் என்று நினைத்தேன். மாற்றியதும் மொத்த பில்களின் எண்ணிக்கை சரிந்தது. இரண்டு கிளைகளிலும் 1057 என்ற பில் இருந்தால் அது ஒன்றாகிவிடுகிறது! பிறகு கிளைக்கு ஓர் எண் கொடுத்து, வருடத்தையும் பில் எண்ணையும் கோத்து, ஒரே முழு எண்ணாக்கினேன். கணக்கு பொருந்தியது, இடமும் குறைந்தது.

நேரம்தான் பெரிய வேலை வைத்தது. நொடி வரை பதிவாகியிருந்தது. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள், வருடத்துக்கு மூன்று கோடிக்கு மேல். அறிக்கைக்கோ எந்த மணியில் கூட்டம் என்று தெரிந்தால் போதும். பவர் பிஐக்குள் தரவைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியில் தேதி தனி, மணி தனி என்று பிரித்தேன். மூன்று வருடத்துக்குச் சுமார் 1,100 தேதிகள், 24 மணிகள், அவ்வளவுதான்.

பிரித்த பிறகுதான் ஒரு கிளை கண்ணில் பட்டது. ஏப்ரல் 1 அன்று திறந்த கிளை, அதே வருடம் ஜனவரி 4 அன்றே விற்பனை செய்ததாக வரைபடம் காட்டியது. அந்தக் கிளையின் தரவு சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) வரும், தேதி 01-04 என்று நாள் முதலில் இருக்கும். என் கோப்பு அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்ததால், தரவு வகையை மாற்றப் பவர் குவெரி தானாகச் சேர்த்த 'சேஞ்ச்டு டைப்' என்ற படிநிலை அதை ஜனவரி 4 என்று படித்துவிட்டது. 13ஆம் தேதி முதல் பிழை வரும், அது தெரிந்துவிடும். 1 முதல் 12 வரை சத்தமில்லாமல் மாதமும் நாளும் இடம் மாறிவிடும். இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் முன்பே தெரியவில்லை? நெடுவரிசைத் தரம் காட்டும் பட்டை முதல் 1,000 வரிசைகளைத்தான் பார்க்கிறது. அவை எல்லாம் ஏப்ரல் முதல் வாரத்து பில்கள், ஆகவே 100 சதவீதம் சரி என்று காட்டியது. திரையின் கீழ் இடது மூலையில் அதை முழுத் தரவுக்கும் என்று மாற்றியதும் பிழைகள் கொட்டின.

அந்தப் படிநிலையை நீக்கி, எந்த நாட்டு வழக்கப்படி படிக்க வேண்டும் என்று சொல்லும் 'யூசிங் லொகேல்' வழியாக ஆங்கிலம் (இந்தியா) என்று கொடுத்து வகையை மாற்றினேன். நேரத்தைப் பிரிக்கும் படிநிலைக்கு முன்னால் இது வர வேண்டும். தானியங்கித் தேதி வசதியையும் அணைத்தேன். ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் அது மறைவாக ஓர் அட்டவணை உருவாக்குகிறது.

கோப்பு இப்போது 300 எம்பிக்குள் வந்துவிட்டது, பப்ளிஷும் ஆனது. வாடிக்கையாளர் கைபேசி எண் மட்டும் இன்னும் மாடலில் இருக்கிறது. அது எந்தப் பக்கத்துக்குத் தேவை என்று கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் அதையும் எடுத்துவிடுவேன்.