அமரத்தில் ஒரு பிளைவுட் துண்டு

கொடைக்கானலில் படகு ரிப்பேர் என்றால் பெடல் போட்டும் துடுப்புப் படகும்தான். அடிப்பாகம் படித்துறையில் உரசித் தேய்ந்து வரும். கண்ணாடி இழை மேட் வெட்டி, ரெசின் என்கிற பிசினைத் தடவி, ரோலர் உருட்டி அனுப்பிவிடுவோம். சந்தேகம் வந்தால் இன்னொரு லேயர். எனக்கு ஃபைபர் வேலை சொல்லிக்கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கம் மீன்பிடி வள்ளம் கட்டியவர். படகின் முன்பக்கம் அவருக்கு அணியம், பின்பக்கம் அமரம். “கனமா போடுலே, கடலு தாங்கும்” என்பார். 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கிய எங்கள் ஏரியில் அலை ஏது? ஆனாலும் பதினேழு வருடமாக அந்தக் கணக்கில்தான் கை ஓடியது.

அந்தக் கணக்கைக் கெடுத்தது இரண்டடி நீளப் படகு ஒன்று. எங்கள் தெருவில் ஹோம்ஸ்டே நடத்துகிறவரின் மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். போன டிசம்பர் லீவில் தான் கட்டிய ரிமோட் ரேஸ் படகைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். அமரம் கிழிந்து தொங்கியது.

“மிதந்துவந்த குச்சியில அடிச்சிருச்சுண்ணே. ரெண்டு கோட்டிங் போட்டா போதும்ல?”

போதும் என்றுதான் நானும் சொன்னேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் வரும் மேட்டில் மூன்று லேயர், வழக்கமான பாலியஸ்டர் ரெசின். கல் மாதிரி ஆனது. முதல் ஓட்டத்திலேயே படகு தவளை போலக் குதித்தது. மூன்றாவது சுற்றில் நான் ஒட்டியது மொத்தமும் வாழைப்பட்டை உரிவது போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. உரிந்த பக்கம் வழவழவென்று இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம்தான் கேட்டேன், உடம்பை எதில் போட்டாய் என்று. எபாக்ஸி என்றான், அது வேறு வகை ரெசின். இறுகிய எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. பாலியஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், முதலில் கேட்காததுதான் தப்பு. உரிந்த துண்டைத் தராசில் வைத்தால் 210 கிராம். படகே பேட்டரியோடு ஒன்றரைக் கிலோதான். அவ்வளவு கனத்தைப் பின்னால் கட்டிவிட்டால் மூக்கு எப்படித் தண்ணீரில் படியும்?

இந்த வகைப் படகில் ப்ரொப்பெல்லர் பாதி தண்ணீருக்கு மேலே சுற்றும். அதைத் தாங்கும் ஸ்ட்ரட், சுக்கான் எல்லாம் பின்சுவரில் வெளியே போல்ட் போட்டு நிற்கும். அதில் இருந்த மோட்டார் 2000 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு 2000 சுற்று. பேட்டரி மூன்று செல், 11.1 வோல்ட். பளு இல்லாமல் சுற்றினால் நிமிடத்துக்கு 22,000 தாண்டும். அந்த உதறல் முழுக்க ஒன்றரை மில்லிமீட்டர் சுவரில் இருந்த நாலு போல்ட் ஓட்டைகளில் இறங்கியிருக்கிறது. சுவரை மட்டும் தடிப்பாக்கி என்ன பயன்? விசை சுவரிலிருந்து அடிப்பாகத்துக்கும் பக்கங்களுக்கும் போக வழி வேண்டும்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோனில் துடைத்தோம். 3 மி.மீ. பிளைவுட்டைச் சுவரின் உள்பக்கத்துக்கு அளவாக வெட்டி ஒட்டினோம். எபாக்ஸியைக் கெட்டியாக்கும் ஏரோசில் பவுடரை அதில் குழைத்து, மூலைகளில் நிரப்பி, குச்சி ஐஸ் குச்சியின் வளைந்த முனையால் இழுத்து விட்டேன். அதன் மேல் சதுர மீட்டருக்கு 160 கிராம் வரும் கண்ணாடித் துணி இரண்டு லேயர், அடியிலும் பக்கங்களிலும் ஏறுகிற மாதிரி. மேல் துணியை இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டினேன். இரண்டும் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டிலேயே ஒடியும். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, திரும்பத் துளைத்தோம். மரத்துக்குள் தண்ணீர் போகக்கூடாதே. எல்லாம் சேர்த்து 70 கிராம்.

கஷ்டம் குளிரில்தான். பட்டறையில் அன்றைக்குப் பன்னிரண்டு டிகிரி. பாலியஸ்டர் என்றால் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்டைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவது எங்கள் பழக்கம். (சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும். புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.) எபாக்ஸியிடம் இந்த வேலை நடக்காது. அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூட்டினால் மிச்சம் உள்ளேயே நின்று, என்றைக்கும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். நகைக்கடைத் தராசு போல ஒரு சின்னத் தராசில் எடை பார்த்துக் கலந்தோம். ரெசின் டப்பாவை முதலில் வெந்நீரில் நிற்க வைத்தோம், இல்லாவிட்டால் தேன் மாதிரி துணியில் இறங்காது. படகை அட்டைப்பெட்டியில் வைத்து 60 வாட் குண்டு பல்பைப் போட்டு இரண்டு நாள் விட்டோம். அப்படியும் மேலே எண்ணெய் தடவியது போல ஒரு படலம். ஈரக்காற்றில் எபாக்ஸி இப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் பெயின்ட் அடித்தால் பெயின்ட் நிற்காது.

மோட்டாரிலிருந்து வந்து ப்ரொப்பெல்லரைச் சுற்றும் கேபிள் ஷாஃப்ட் பளு ஏறியதும் முறுக்கிக்கொண்டு குட்டையாகுமாம். அதற்காக ஸ்ட்ரட்டுக்கும் ப்ரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் துண்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இது தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஏரியில் ஓட்டலாமா என்று கேட்டான். ஒன்றரைக் கிலோப் பொருள் அந்த வேகத்தில் போய்ப் பெடல் போட்டில் இருக்கிற குழந்தை மேல் பட்டால்? பூம்பாறையில் தெரிந்தவர் ஒருவரின் பூண்டுத் தோட்டத்துக் குட்டைக்குப் போனோம். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும் என்று அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டே வந்தான். படகை இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தோம். பின்சுவரிலிருந்து பதினெட்டு சென்டிமீட்டரில், அதாவது நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில், சமமாக நின்றது.

குதிக்கவில்லை. பின்னால் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. தோட்டக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “இது மருந்தடிக்குமா தம்பி?” என்றார்.

ஆறு சுற்றுக்கு அப்புறம் கரையில் வைத்து, மூடியைக் கழற்றி, ஒரு ரூபாய்க் காசால் ஒட்டுப்போட்ட இடத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். நன்றாகப் பிடித்த இடம் டிங் என்று சொல்லும், உள்ளே காற்று இருந்தால் டப். இடது மூலையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு டப். பென்சிலால் வட்டம் போட்டேன்.

“அடுத்த லீவுல பாத்துக்கலாம்ணே” என்றான்.

“பேட்டரியை மட்டும் எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் படகை நான் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.