பீடிங் முதலில், கார் பிறகு

பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலைப் புதுப்பிக்கும்போது எஞ்சினும் பெயிண்டும்தான் பேச்சாக இருக்கும். என்னைக் கேட்டால், முன்கண்ணாடி ரப்பரைச் சுற்றி ஓடும் மெல்லிய அலுமினிய பீடிங்கை வைத்தே அந்தப் பட்டறையின் வேலையை எடைபோட்டுவிடலாம். அது வெறும் அலங்காரம்தானே, கடைசியில் மாட்டிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். பழைய மினி காரில் அப்படித்தான் செய்ய வேண்டும். கண்ணாடி உட்கார்ந்த பிறகே குரோம் நிறப் பிளாஸ்டிக் பட்டையை ரப்பரின் குழிக்குள் ஏற்றுவார்கள், அது ஏறினால்தான் ரப்பரும் இறுகும். பீட்டிலில் வரிசை தலைகீழ். கண்ணாடியை மேசையில் கம்பளம் விரித்துக் கிடத்தி, ரப்பரை மாட்டி, பீடிங்கையும் ஏற்றிய பிறகே மூன்றையும் ஒன்றாகத் தூக்கிக் காரில் வைக்க வேண்டும்.

ரப்பர் வாங்கும்போதே கவனம் தேவை. 1965 மாடலில் முன்கண்ணாடியைப் பெரிதாக்கி லேசான வளைவும் கொடுத்துவிட்டதால், 1964 வரையிலான காரின் ரப்பர் அதற்குச் சேராது. அலங்காரமில்லாத ஸ்டாண்டர்டு மாடலின் ரப்பரில் பீடிங் உட்காரும் குழியே இருக்காது. பழையதைப் பார்த்து இப்போது புதிதாகச் செய்யப்படும் மறுதயாரிப்பு ரப்பர்களில் சில விறைப்பாக இருக்கும். அவற்றை வெயிலில் கிடத்தி இளக்கிக்கொள்வோம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் சித்திரை வெயிலை நான் குறை சொல்வதில்லை. ரப்பரை இழுத்து மாட்டக் கூடாது, தள்ளித் தள்ளி உட்காரவைக்க வேண்டும். இழுபட்ட ரப்பர் பிறகு சுருங்கும்போது மூலைகளில் கண்ணாடியை விட்டு விலகும்.

பழைய பீடிங்கைக் கழற்றுவதற்கு நெம்புகோலே வேண்டாம். ரப்பரைக் கத்தியால் அறுத்துவிட்டால் பீடிங் தானாகவே கைக்கு வந்துவிடும். ரப்பர் புதிதாகக் கிடைக்கும். ஒருமுறை மடிந்த அலுமினியத்தின் தழும்போ எத்தனை தட்டினாலும் வெளிச்சத்தில் தெரியும். மேலே அனோடைஸ் பூச்சு, அதாவது அலுமினியத்தின் மேல் ஏற்றிய கடினமான காப்புப் படலம், இருப்பதால், அதைக் காஸ்டிக் சோடாவில் நீக்காமல் நேரடியாகப் பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாகத்தான் மின்னும்.

பீடிங் இரண்டு பாதிகளாக வரும். அவை சந்திக்கும் இடத்தைச் சிறிய கிளிப் மூடும். குழியில் சோப்புத் தண்ணீர் தடவுவோம். கிரீஸோ எண்ணெயோ பட்டால் நாளடைவில் ரப்பர் உப்பிவிடும். முதலில் வளைவுகளை உட்காரவைத்து, பிறகு நேர்ப்பகுதிகளைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு போவது என் வழக்கம். ரப்பரின் மெல்லிய உதடு பீடிங்கின் ஓரத்தின் மேல் ஏறிப் படியும்போது விரலுக்கே தெரியும். படியாத இடத்தில் திருப்புளியை நுழைக்காமல், முனை மழுங்கிய மூங்கில் குச்சியால் உதட்டைத் தூக்கிவிட வேண்டும். கிளிப் நடுவில் நிற்கிறதா என்பதையும் மேசையிலேயே பார்த்துக்கொள்கிறோம், ஏனென்றால் பீட்டிலின் பானெட் நடுவில் ஓடும் கோட்டுக்கு அது சற்றே விலகியிருந்தாலும் எதிரில் நிற்பவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

பிறகு காரின் தகட்டு விளிம்பு நுழைய வேண்டிய ரப்பரின் வெளிக்குழியில் நைலான் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விட்டு, கண்ணாடியைச் சட்டத்தில் வைப்போம். வெளியே இருவர் உள்ளங்கையால் சீராக அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உள்ளுதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். எங்கள் டிங்கர் அண்ணன் அப்போது ஒன்றுதான் சொல்வார்: “அவசரப்படாத தம்பி, அவங்க அமுக்கின இடத்துல மட்டும் இழு.” நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியில் ஓரிடத்தில் மட்டும் பாரம் ஏறினால் விளிம்பிலிருந்து கீறல் ஓடிவிடும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. தகட்டு விளிம்பில் பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டி தடித்துக் கிடந்தாலும் உதடு ஏறாது. ஆகவே பெயிண்டுக்கு முன்பே பழைய ரப்பர்த் துண்டை அதில் மாட்டிப் பார்த்துவிடுகிறோம்.

கடைசியில் ஹோஸ் பைப்பால் மேலிருந்து தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு, உள்ளே கீழ் மூலைகளைக் கையால் தடவிப் பார்க்கிறோம். இந்த வண்டிகளில் கண்ணாடிச் சட்டம் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். ஈரம் தட்டினால் சீலன்ட் பூசி மறைப்பதில்லை. கண்ணாடியை இறக்கி, பீடிங்கைக் கழற்றாமலே, மறுபடி கயிறு சுற்றுகிறோம்.