ஆள் கூட்டிட்டு வாங்க

"பத்துப் பேர் சேர்ந்தாத்தான் பாட்டில் ஒடைக்க முடியும் ஆயா. போய் ஆள் கூட்டிட்டு வாங்க, போடறேன்."

2021 ஏப்ரல் கடைசி வாரம், மதியம் 3.10க்கு நான் சொன்னது இது. அதட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். கடைக்காரர் "சாயங்காலம் வாங்க, சரக்கு வந்துடும்" என்பாரே, அந்த மாதிரி ஒரு பேச்சு. கேட்கிறவருக்கும் அது புரியும், போய்விடுவார். கொரோனா தடுப்பூசி போட்ட நாட்களில் இதே வாக்கியத்தை எத்தனை செவிலியர்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று கணக்கே கிடையாது.

ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்பதை வெளியில் இருப்பவர்கள் கேட்டால், முதலில் குப்பியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். (எங்கள் பேச்சில் அது 'வயல்'. எழுதினால் நெல் விளைகிற வயலாகிவிடும் என்பதால் குப்பி என்றே எழுதுகிறேன்.) கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 5 மில்லி மருந்து. ஆளுக்கு 0.5 மில்லி, ஆக பத்துப் பேருக்கு. மருந்தில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கவில்லை. அதனால் ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கிய நிமிடத்தில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். திறந்த நேரத்தைக் குப்பியின் மேலேயே பேனாவால் எழுத வேண்டும். நாலு மணி நேரம் ஆனாலோ, அன்றைய முகாம் முடிந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது.

திறக்காத குப்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) ஐ.எல்.ஆர். என்கிற மருந்துக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, நாலு ஐஸ்பேக் வைத்த கேரியரில் போட்டுக்கொண்டு கிளம்புவோம். ஐஸ்பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியில் விட்டு, காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கேரியர். இல்லாவிட்டால் குப்பி உறைந்து மருந்து வீணாகும். இப்படி 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால், திறக்காத குப்பி சாயங்காலம் பத்திரமாகத் திரும்பிப் போகும். ஆகவே முகாம் முடிகிற நேரத்தில் ஒரு செவிலியர் செய்யக்கூடிய மிகவும் 'பாதுகாப்பான' காரியம் குப்பியைத் திறக்காமல் இருப்பதுதான். திறக்காததற்கு யாரும் மெமோ கொடுத்ததில்லை.

திறந்தால்தான் கேள்வி. ஏப்ரல் 11 வரைக்குமான கணக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளியாகி, தடுப்பூசி வீணானதில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம், 12 சதவீதத்துக்கு மேல் என்று பேப்பரில் வந்திருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி: இத்தனை குப்பி போச்சு, இத்தனை பேர் போட்டாங்க, மீதி எங்கே? "மூணு மணிக்கு மேல் எட்டுப் பேராவது இல்லாமல் திறக்காதீர்கள்" என்று எங்களுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. எழுத்தில் வரவில்லை. இந்த மாதிரி உத்தரவு எப்போதும் குரலில்தான் வரும்.

அன்றைக்கு என்னிடம் மூன்று குப்பிகள். முதலாவதில் பத்துப் பேர். இரண்டாவதில் பதினொன்று எடுத்தேன். அது கைப்பழக்கம். குப்பியில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே மருந்து இருக்கும். ஏ.டி. சிரிஞ்சில் (ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாத சிரிஞ்ச்) காற்றை இழுக்காமல், குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசிமுனை மருந்துக்குள்ளேயே இருக்கிற மாதிரி மெதுவாக இழுத்தால் குமிழி வராது. குமிழி வந்து அதைத் தட்டி வெளியேற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மருந்தும் சேர்ந்து போகும். பத்துத் தடவை அப்படிப் போனால் பதினொன்றாவது ஆளுக்கு இல்லை. கேரளாவில் 73 லட்சத்து 38 ஆயிரம் டோஸ் வாங்கி 74 லட்சத்து 26 ஆயிரம் போட்டோம் என்று மே மாதம் சொன்னார்களே, அதில் மாயம் எதுவும் இல்லை. செவிலியர்களின் விரல்தான்.

இரண்டு குப்பியில் 21 பேர். மூன்றாவது திறக்காமல் கேரியரில் இருந்தது. ஒன்றரை மணிக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நடிகர் விவேக் இறந்திருந்தார். 15ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு சொல்வதற்கு அக்டோபர் ஆனது. செஞ்சிப் பக்கத்தில் ஒரு தெருவில் நின்றுகொண்டு ஏப்ரலில் அதை யாருக்கு விளக்குவது? "அவருக்கே அப்படின்னா எங்களுக்கு?" என்பதற்கு எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் பதில் இல்லை. இன்னொரு காரணம் காய்ச்சல். போட்ட மறுநாள் உடம்பு வலித்துக் காய்ச்சல் வரும், நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. அந்த வருஷம் நிர்ணயித்த கூலி நாளைக்கு 273 ரூபாய். வதந்தியை விட இந்தக் கணக்குதான் நிறையப் பேரைத் தடுத்தது என்று நினைக்கிறேன். பாரசிட்டமால் கொடுத்து அனுப்பலாம், கூலியைக் கொடுக்க முடியாதே.

அந்த ஆயாவை மார்ச் மாதத்திலிருந்து மூன்று தடவை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டிருந்தேன். சர்க்கரை உண்டு, மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார். மூன்று தடவையும் "அப்பறம் பாக்கலாம்". நாலாவது தடவை நான் கூப்பிடாமல் அவராகவே வந்தார், ஆதார் அட்டையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு. போன் கிடையாது, பக்கத்து வீட்டுப் பையனின் நம்பரை ஒரு தீப்பெட்டி அட்டையில் எழுதி வாங்கி வந்திருந்தார். கோவின் இணையதளப் பதிவுக்கு நம்பர் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தயாராக வந்த ஒருவரை நான் அந்த மாதம் முழுக்கப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். இதை யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடுவேன். அடுத்த இரண்டு வரியைச் சொல்வதில்லை.

"ஆளு இட்டாந்தா போடுவியாம்மா?"

"போடறேன் ஆயா."

நேரத்தைப் பாருங்கள். 3.10. கேரியரை எடுக்க வண்டி வருவது 4 மணிக்கு. அது மூன்று துணை சுகாதார நிலையங்களைச் சுற்றிக்கொண்டு போகிற வண்டி, நிற்காது. போட்டவர்களை 30 நிமிடம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வாமையில் மூச்சு முட்டினால் அட்ரினலின் போடுவதற்குத்தான் அந்த அரை மணி நேரம், அதைச் சுருக்க முடியாது. அப்படியானால் கடைசி ஊசி 3.30க்குள் போட்டாக வேண்டும். இருபது நிமிடத்தில் ஒரு கிழவி ஊருக்குள் போய் ஆள் சேர்த்து வர முடியாது என்பது சொன்ன எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். முடியாது என்று சொல்வதை விட அது மரியாதையாக இருந்தது.

4 மணிக்கு வண்டி வந்தது. கேரியரை ஏற்றிவிட்டு நானும் கிளம்பினேன்.

மறுநாள் அங்கன்வாடி டீச்சர் சொன்னார். நாலேகாலுக்கு ஆயா ஐந்து பேரோடு வந்திருக்கிறார். ஏரி வேலை முடிந்து வந்துகொண்டிருந்த நாலு பொம்பளைகள், டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். கதவு பூட்டியிருக்கவும் மற்றவர்கள் போய்விட்டார்கள். ஆயா திண்ணையில் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தாராம். "நர்சம்மா டீ குடிக்கப் போயிருக்கும்" என்றாராம்.

மூன்று தடவை வீடு வீடாகப் போய் நான் சேர்க்க முடியாத ஐந்து பேரை, ஒரு மணி நேரத்தில் அவர் சேர்த்திருக்கிறார். என்ன சொல்லிச் சேர்த்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை.

இதற்குப் பிறகு நான் போட்ட கணக்குகளை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்குகள் ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் சாய்கின்றன.

ஆயா ஒருவருக்காக மட்டும் திறந்திருந்தால்: மூன்று குப்பி, 30 டோஸ், போட்டது 22. வீண் 27 சதவீதம் ஆகியிருக்கும். அன்றைய நிலையில் அதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும். அந்த எட்டு டோஸ் ஒரு மாதம் கழித்து, 'ஸ்டாக் இல்லை' என்று போர்டு தொங்கிய நாளில், எட்டுப் பேருக்கு இல்லாமல் போயிருக்கும் என்றும் வாதாடலாம். அது பொய்யில்லை. மே கடைசியிலும் ஜூனிலும் விடியற்காலை நாலு மணிக்கே டோக்கனுக்கு நின்றவர்களைத் திருப்பி அனுப்பியவளும் நான்தான். அப்போது யாரும் விவேக்கைப் பற்றிப் பேசவில்லை.

ஆறு பேருக்கும் சேர்த்துத் திறந்திருந்தால்: 30க்கு 27. வீண் சரியாக 10 சதவீதம். தடுப்பூசித் திட்டத்தை ஆரம்பிக்கும்போதே 10 சதவீதம் வீணாகும் என்று எடுத்துக்கொண்டு, 100 பேருக்கு 111 டோஸ் என்ற விகிதத்தில்தான் கணக்கே போட்டிருந்தார்கள். அனுமதித்த அளவுக்கு ஒரு துளி கூடவில்லை, குறையவில்லை. ஆனால் எட்டுப் பேர் என்ற குரல் பதிவின்படி ஆறு பேருக்குத் திறந்திருக்கக் கூடாது. நான் அங்கேயே இருந்திருந்தால் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பேன் என்பதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும்.

எனக்குப் பழகிய பாடம் வேறு. புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குப் போடுகிறோமே, தட்டம்மை–ரூபெல்லா மருந்தும் கலக்கிய நாலு மணி நேரத்தில் தூக்கிப் போட வேண்டியதுதான். அங்கே சொல்லிக்கொடுத்தது இது: ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திற. திருப்பி அனுப்பிய தாய் மறுபடி வருவாள் என்று எந்த நிச்சயமும் கிடையாது, மருந்தை விட அந்த வருகைதான் விலை கூடியது. அதையே மனப்பாடமாக வைத்திருந்த கை, கொரோனா ஊசியில் இரண்டே மாதத்தில் எதிர்ப்பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. மருந்து குறைவாக இருந்தால் வேறு வழியில்லை என்பார்கள். அந்த வாரம் எங்களிடம் மருந்து குறைவாக இல்லை, ஆள்தான் குறைவு. குறைவு மருந்திலா ஆளிலா என்று பார்த்து விதியை மாற்ற வேண்டும். அதை வாரா வாரம் பார்த்து மாற்றும் இடத்தில் யாரும் இல்லை, பார்க்கிற இடத்தில் இருந்த எனக்கு மாற்றும் அதிகாரம் இல்லை. இதை எழுதும்போது எனக்கே சப்பைக்கட்டு மாதிரித்தான் படுகிறது, ஏனென்றால் ஒரு விஷயத்துக்கு அதிகாரமே தேவைப்படவில்லை. "இன்னிக்கு முடியாது ஆயா, வண்டி நாலு மணிக்குப் போயிடும்" என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 8ஆம் தேதி மத்திய அரசின் புதிய வழிகாட்டுதலில், வீணடிக்கும் மாநிலத்துக்கு ஒதுக்கீடு குறையும் என்றே எழுத்தில் வந்தது. அதைப் படித்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பார், நான் செய்தது சரிதான் என்று. அந்த நிம்மதி ஒரு நாள் முழுக்க நிற்கவில்லை.

ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் அலை அந்தத் தெருவைத் தொட்டபோது பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க முதல் மெகா முகாம் நடந்தபோது வேறொரு குழு அவருக்கு முதல் டோஸ் போட்டது. அந்த ஐந்து பேரில் மூன்று பேரும் அன்றைக்கே போட்டுக்கொண்டதாகப் பதிவில் பார்த்தேன். ஆகவே கணக்குப்படி யாருக்கும் நஷ்டமில்லை, நாலரை மாதத் தாமதம் மட்டும்தான்.

84 நாள் கழித்து, டிசம்பரில், இரண்டாவது டோஸுக்கு வீடு வீடாகப் போகும்போது அவர் வீடு என் பட்டியலில் வந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் என்னை அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டாரா, சொல்லத் தெரியவில்லை. "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். இடது என்றேன். திண்ணையிலேயே உட்கார வைத்துப் போட்டேன்.

குப்பியை 11.40க்குத் திறந்திருந்தேன். அவருக்குப் போட்டது போக அதில் ஆறு டோஸ் மிச்சம் இருந்தது. அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தேதி வரவில்லை. 3.40க்குத் தூக்கிப் போட்டேன். சாயங்காலம் யாரும் கேட்கவில்லை.