அப்புக்காத்து (லோயர்) பிடிப்பதா, விடுவதா

இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் முழுதாக மடங்குவதில்லை. இதில் பெரிய பாடு சாரம் கட்டுவதுதான். ஒரு கை இடுப்பில் பிடித்துக்கொள்ள மற்றக் கை மடித்துச் செருகும் அல்லவா, பிடிக்கிற அந்தக் கைதான் எனக்குப் போனது. முதல் இரண்டு மாதம் மனைவி கட்டிவிட்டாள், இப்போது சுவரில் முதுகைச் சாய்த்து நின்று எப்படியோ நானே கட்டிவிடுகிறேன். கோயிலுக்கு வேட்டி என்றால் இன்றைக்கும் பெல்ட்தான்.

நான் வெல்டிங் வேலைக்காரன். யாழ்ப்பாணத்தில் கேற், ஜன்னல் கிறில், தண்ணீர்த்தாங்கி ஸ்டாண்ட் செய்கிற ஒரு பட்டறையில் பதினொரு வருடம் நின்றேன். 2023 நவம்பர், நல்ல மாரி. கிறைண்டரால் பெட்டி இரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது தட்டு உடைந்து கைக்குள் இறங்கியது. சத்தம்தான் முதலில் கேட்டது, நோவு பிறகு. கிறைண்டரில் தட்டை மறைக்கிற கவர் இல்லை. மூலைக்குள் வெட்டும்போது கவர் இடிக்கும் என்று கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வது எங்களில் பலருக்குப் பழகிப்போன விஷயம். எங்கள் பட்டறையில் அது சுவர் ஆணியில் தொங்கியது, உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அந்தக் கூட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முதலாளி போன் எடுத்தார். பட்டறையில் நின்ற சின்னப் பெடியன் போனை என் காதில் பிடித்தான். "தம்பி, வீட்டில வெட்டினதெண்டு சொல்லும். இல்லாட்டில் பொலிஸ், லேபர் எண்டு இழுபடும். நான் பாக்கிறன் தானே." நான் அப்படியே சொன்னேன். துவாய் முழுக்க இரத்தம், பதினொரு வருடப் பழக்கம், வேறு என்ன சொல்லத் தோன்றும்? மூன்றாம் நாள் வார்ட் டொக்டரிடம் வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் குறிப்பில் அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் முதல் எழுத்து முதல் எழுத்துத்தானே, அது அங்கேயே கிடந்தது.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்தார், அப்பிளும் திராட்சையும் கொண்டுவந்தார், முதல் மாதம் முழுச் சம்பளம் தந்தார். அடுத்த மாதம் பாதி. அதற்கடுத்த மாதம் ஒரு கடதாசி. ஐம்பதாயிரம் ரூபா பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தட்டச்சு அடித்து, முத்திரை ஒட்டி, நான் கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடியும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "நீர் எங்கட ஆள் எல்லே" என்றார். இரண்டு நாள் தவணை கேட்டேன்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் பட்டிமன்றம். அம்மாவுக்கு லோயர் என்றாலே அப்புக்காத்து. லோயர்களில் அப்புக்காத்து, புறக்கிறாசி என்ற இரண்டு பிரிவும் 1974இலேயே ஒழிந்து எல்லாரும் சட்டத்தரணி ஆகிவிட்டார்கள், அம்மாவின் வாயில் மட்டும் ஒழியவில்லை. எங்கள் தாத்தா முக்கால் அடி வேலிக்காகப் பதினாறு வருடம் கோடேறி, வழக்கில் வென்று, செலவுக்கு அந்தக் காணியையே விற்றவர். அதனால் அம்மாவின் தீர்ப்பு ஒரே வரி: "அப்புக்காத்தின்ர வாசற்படி மிதிச்சால் வீட்டு ஓடும் மிஞ்சாது." மச்சான் அதற்கு நேர் எதிர், அடுத்த நாளே நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். மனைவி யாரோடும் வாதாடவில்லை. தன் தம்பியைப் பட்டறைக்கு அனுப்பி, என் ஹெல்மெற்றை எடுக்கிற சாட்டில் அந்தக் கவரையும் குளவிக்கூட்டையும் போனில் படம் எடுப்பித்திருந்தாள். எனக்குச் சொன்னது பிறகுதான்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் காசுக் கணக்கு மட்டும் இல்லை. லோயரைப் பிடித்தால் அடுத்த திருவிழாவில் முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியாது. இன்னொரு பட்டறை "வழக்குப் போட்டவன்" என்று என்னை எடுக்காது. அதைவிட, சாட்சி என்று ஒருவன் இருந்தால் அது அந்தச் சின்னப் பெடியன். அவன் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. அவனைக் கொண்டுபோய் முதலாளிக்கு எதிராக நிறுத்த எனக்கு வாய் வருமா?

கடைசியில் ஒரு நடுவழி எடுத்தேன். வழக்குக்கு அல்ல, அந்த ஒரு கடதாசியை வாசித்துச் சொல்ல மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். காசே இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது, வருமானம் பார்த்து எடுப்பார்கள். நான் தெரிந்தவர் மூலம் ஒரு லோயர் அம்மாவிடம் போனேன், கொடுத்தது மூவாயிரம் ரூபா. அவர் கடதாசியை ஒருதரம் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தார். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது, அதில் உள்ள உரிமையை இப்படி எழுதிக்கொடுத்துத் தொலைக்க முடியாது, உடன்பாடு என்றால் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் நித்திரை இல்லாமல் கிடந்தது செல்லாத ஒரு கடதாசிக்கு.

பிறகு அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே சொல்கிறேன். இந்தச் சட்டத்தில் முதலாளி பிழை விட்டார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையின்போது வேலையால் காயம் வந்தது என்றால் போதும். நிரந்தர இழப்பு எத்தனை வீதம் என்று வைத்தியர் எழுதுவதையும் சம்பளத்தையும் வைத்துத் தொகை வரும். 2022 திருத்தத்தோடு உச்சத்தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாகியது, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கிற விபத்தும் உள்ளே வந்தது. கவனயீனம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் இன்னும் கூடுதலாக வரலாம், ஆனால் பிழையை நாங்கள் நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் தவணைக் காசு கட்ட வேண்டும், இரண்டு வழியிலும் வாங்க முடியாது. தாத்தாவின் காணி கண்முன் வந்து நின்றது.

"இப்ப உங்களுக்கு நான் தேவையில்லை" என்று அவரே சொன்னார். "முதலில் தொழில் திணைக்களத்துக்குப் போங்கோ. வேலையில் நடக்கேல்லை எண்டோ, நீங்கள் தன்ர ஆள் இல்லை எண்டோ அவர் நிண்டால் வாங்கோ." அப்புறம், காதில் விழுந்ததில் எனக்குப் பிடிக்காததையும் சொன்னார். குடித்திருந்தாலோ, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றினாலோ முதலாளி தப்பப் பார்க்கலாம். கவர்! படத்தைக் காட்டினேன். குளவிக்கூடு காய்ந்து வெடித்திருந்தது, ஒரு பக்கம் ஓட்டை விழுந்து குஞ்சுகளும் போய்விட்டன. "இது ஒரு நாளில் கட்டின வீடில்லையே" என்று சிரித்தார். சம்பளம் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் ஒன்று, கையில் ஒன்று என்பதையும் கேட்டார், அதற்கு நான் நாள்வாரியாகக் குறித்து வந்த கொப்பி இருந்தது. இல்லாமல் இருந்தது, வீட்டில் வெட்டினேன் என்ற அந்த முதல் எழுத்துக்கு மருந்து மட்டும்தான்.

அது என் போனுக்குள்ளேயே கிடந்தது. விபத்தன்று காலை எட்டேகாலுக்கு முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு. எத்தனையோ நாள் கேட்டுவிட்டு விட்ட மாதிரியான பதிவுதான், நான்தான் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

தொழில் திணைக்களத்தில் முதலாளி நான் நினைத்தபடியே சொன்னார், தம்பி அன்று லீவு, வீட்டில் ஏதோ வெட்டியிருக்கிறார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. பெடியனின் பெயரை நான் எடுக்கவேயில்லை. போனை மேசையில் வைத்து அழுத்தினேன். அவருடைய குரல், பின்னால் அவருடைய வீட்டு நாய் குரைக்கிற சத்தத்தோடு: "தம்பி, வந்திட்டீரோ? அந்தக் கேற்றை இண்டைக்கே வெட்டி முடிச்சுப்போடும், மத்தியானம் கேற்றுக்காறன் வருவான்." அதிகாரி இன்னொருதரம் போடச் சொன்னார். இரண்டாம் தரம் நாய் குரைக்கும்போது முதலாளி தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த லோயர் அம்மாவிடம் மறுபடி போக வேண்டிவரவில்லை. உடன்பாடு பதிந்தாயிற்று, தொகையை இங்கே சொல்ல மாட்டேன், ஐம்பதாயிரத்தை விடப் பல மடங்கு. பெடியன் அங்கேதான் நிற்கிறான். போன கிழமை மனைவி சந்தையில் அவனைக் கண்டிருக்கிறாள். கிறைண்டருக்குக் கவர் போட்டாச்சாம், அதைக் கழற்றினால் முதலாளி ஏசுகிறாராம்.