அழுக்குப் பெயர் கொண்ட மஞ்சள் பூ

இங்கிலாந்தில் சேகரித்து அட்டையில் ஒட்டிய உலர்ந்த செடிகளின் சீட்டுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். மங்கிய மை, கோழி கிறுக்கிய மாதிரி கையெழுத்து. லத்தீன் தெரியாமலே லத்தீன் அடிக்கிற பிழைப்பு.

அடிக்கடி வந்த செடிப் பெயர் செனேசியோ ஸ்குவாலிடஸ். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. காய்ந்த பிறகும் மஞ்சள் போகாத பூ. இதற்குப் போய் 'ஸ்குவாலிடஸ்', அதாவது 'அழுக்கானது' என்று பெயரா? அகராதியைப் புரட்டினேன்.

'ஸ்குவாலேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. பொருக்குத் தட்டி, சொரசொரப்பாக விறைத்திருப்பது அதன் பழைய பொருள். 2ஆம் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் இதை மீன் செதிலுக்கான சொல்லோடு முடிச்சுப் போடுகிறார். ரோமானியக் கவிஞர் வெர்ஜில், தங்க வேலைப்பாட்டால் விறைத்த போர்வீரனின் உடைக்கும் இதே வினையைப் போடுகிறார். உழவர்களைப் போருக்குப் பிடித்துப் போனதால் தரிசாகிப்போன வயலுக்கும் இதையேதான். எனக்கு வயல்தான் பிடித்தது. அடுத்த வரியிலேயே அரிவாளை உருக்கி வாள் அடிக்கிறார்கள்.

பழைய ரோமில் அழுக்கு சில சமயம் வேண்டுமென்றே செய்துகொள்வது. வழக்கில் சிக்கிய பெரிய மனிதர்கள் தாடி வளர்த்து, அழுக்கு உடையில் தெருவில் நடப்பார்கள், இரக்கம் சம்பாதிக்க. நாடு கடத்தப்படும் ஆபத்து வந்தபோது, கி.மு. 58இல், அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவும் துக்க உடையில் அலைந்தார். வீட்டில் சலவைக்கு ஆளில்லாதவரா அவர்!

சரி, செடிக்கு வருவோம். அதன் பூர்வீகம் சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவு. ஆக்ஸ்ஃபோர்டு தாவரத் தோட்டத்தில் வளர்த்தார்கள். அங்கிருந்து தப்பி ஊரின் கல்சுவர்களில் ஏறியது. 1844இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய கரிக்கசடு எரிமலைச் சாம்பலைப் போலவே இருந்ததால் செடிக்குக் கொண்டாட்டம். பாதை நெடுக நாடெல்லாம் பரவிவிட்டது. சீட்டுகளில் 'ரயில் பாதையோரம்' என்று திரும்பத் திரும்ப வந்ததன் காரணம் அப்புறம்தான் விளங்கியது.

இதையெல்லாம் சூப்பர்வைசரிடம் ஆசையாகச் சொன்னேன். "அர்த்தமெல்லாம் எதுக்கு தம்பி, ஸ்பெல்லிங் சரியா இருந்தா போதும்" என்றார். அவருக்கு அன்றைய கணக்கு முடியணுமே.