பச்சை உடம்புக்காரிக்குச் சேர்த்துவைத்த சாமான்கள்

தங்கைக்கு வளைகாப்பு முடிந்ததும் வந்து சேர்ந்த பொருட்களை எல்லாம் எடுத்து அடுக்கினோம். கொசுவலை வைத்த குழந்தை மெத்தையே இரண்டு மூன்று இருந்தது. சட்டை, துண்டு, சோப்பு, எண்ணெய், கிலுகிலுப்பை எல்லாம் பிள்ளைக்கு. பெறப்போகிறவளுக்கு என்று தேடினால் வளையலும் பட்டுச்சேலையும்தான் இருந்தன. அரசு மருத்துவமனையில் பிள்ளை பிறந்தால் கொடுக்கிற பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் உண்டு. அதிலும் தாய்க்கு என்று இருப்பது குளியல் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். மற்றவை குழந்தைக்கு.

எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் வீட்டுக்கு வந்தது. எனக்கு முதல் பிள்ளை சுகப்பிரசவம், இரண்டாவது ஆபரேஷன். இரண்டிலும் உடம்பு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். 37 வாரம் தாண்டினால் எந்த நாளும் வலி வரலாம் என்பதால் எட்டாம் மாதத்திலேயே வாங்க ஆரம்பித்தேன்.

முதலில் மருந்துக்கடை. பிள்ளை பிறந்த பிறகு உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். முதல் சில நாள் நல்ல சிவப்பாக அதிகம் போகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் வெளிறிய மஞ்சளாகி நிற்கும். ஆபரேஷன் என்றால் உதிரம் போகாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை, அவர்களுக்கும் போகும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் நாளைக்கு ஏழெட்டு பேட் ஆகும். அதனால் முதல் வாரத்துக்கு மட்டும் ஐம்பது என்று கணக்கு வைத்து வாங்கினேன். மேலே வலை போலிருக்கும் ரகம் தையலில் ஒட்டி இழுக்கும், பஞ்சு போலிருப்பதே நல்லது. பிரசவத்துக்கென்றே நீளமாக வரும் பேட் கிடைத்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதுதான் வசதி. கூடவே ஒரு ரப்பர் ஷீட். அதன் மேல் விரிக்க அம்மாவின் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, கொதிநீரில் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்து மடித்து வைத்தேன். கடையில் வாங்கும் எந்தத் துணியும் அந்தப் பதத்துக்கு வராது.

அடுத்தது, யாரும் சொல்லித்தராத ஒன்று. சுகப்பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் முதல் சில நாள் சிறுநீர் கழிக்கும்போது தையல் எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். பாத்திரக்கடையில் தக்காளி சாஸ் ஊற்றிவைக்கிற, அமுக்கினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில் கிடைக்கும். புதிதாக ஒன்று வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, சிறுநீர் போகும்போதே முன்பக்கமிருந்து பீய்ச்சிக்கொண்டால் எரிச்சல் பாதி குறையும். பிறகு துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தங்கை முதல் தடவை கழிவறையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள். பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பிய பிறகு, "அக்கா, இதுல தண்ணி ஊத்திக் குடு" என்று அவளே கேட்டு வாங்கிப் போனாள்.

எங்கள் வீட்டில் இருப்பது இந்திய முறைக் கழிவறை. தையல் போட்ட உடம்போடு குத்தவைத்து உட்காரவே முடியாது. ஆகவே நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி ஒன்றை மருத்துவச் சாமான் கடையில் வாடகைக்கு எடுத்தேன். வாங்கியதிலேயே பெரிய உதவி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். கட்டில் உயரமாக இருந்தால் காலடியில் ஒரு பலகையும் போட்டுவிடுங்கள்.

துணிக்கு மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் போனோம். முன்னால் ஜிப் வைத்த பருத்தி நைட்டி, ஒரு அளவு பெரியதாக. பால் கொடுக்க வசதியான உள்ளாடையை முன்கூட்டியே குவிக்க வேண்டாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் பால் கட்டிய பிறகுதான் அளவு தெரியும். ஆபரேஷன் ஆகும் என்று தெரிந்தவர்கள் பாவாடையை மறந்துவிடலாம், நாடா சரியாகத் தையல் மேலேயே அழுத்தும். தொப்புளுக்கு மேல் வரும் உயரமான உள்ளாடையும் நைட்டியும் போதும்.

இனி நாட்டு மருந்து. மதுரையில் கீழமாசி வீதிக்குப் போனால் சுக்கும் பெருங்காயமும் கலந்த வாசனை தெருவிலேயே அடிக்கும். பழைய கடை ஒன்றில் பெரியவர் என் சீட்டை வாங்கிப் பார்க்கும் முன்பே, "யாருக்குத் தாயி? சுகப்பிரசவமா, ஆபரேசனா?" என்று கேட்டார். "இன்னும் பெறல, அடுத்த மாசம்" என்றதும், "அப்ப சரக்கை வாங்கி வெயில்ல காயப்போட்டு வை. பிள்ள பெறந்தப்புறம் இடிச்சுக்க. இப்பவே பொடிச்சா காரம் போயிரும்" என்றார். மரப்பெட்டி அறைகளை ஒவ்வொன்றாக இழுத்து அள்ளி, தராசில் நிறுத்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினார். கண்டந்திப்பிலியை மட்டும் இரண்டாக ஒடித்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் தராசில் போட்டார். சுக்கையும் அப்படித்தான் வாங்க வேண்டும். ஒடித்தால் நார் தெரியணும், மாவு கொட்டக் கூடாது.

எங்கள் அத்தையின் கணக்கு இது: சுக்கு 50 கிராம், மிளகு, சீரகம், ஓமம் தலா 25 கிராம், திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை தலா 10 கிராம், விரலி மஞ்சள் ஒரு துண்டு. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கருகாமல் வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். பொடிக்கு இரண்டு மடங்கு கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிப் பாகாக்கி, பொடியைத் தூவிக் கிண்டி, நல்லெண்ணெயும் நெய்யும் மாறி மாறி விட்டு, கையில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்க வேண்டும். காலையில் ஒரு சுண்டைக்காய் அளவு.

சரக்கு வாங்கியதோடு நான் நிறுத்திக்கொண்டேன். கிண்டுவதற்கு முன் அந்தச் சீட்டை அரசு மருத்துவமனையிலேயே இருக்கிற சித்த மருத்துவரிடம் காட்டினேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப்புண் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கொடுக்கச் சொன்னார். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களுக்குக் கருப்பட்டி லேகியம் சும்மா கொடுத்துவிடக் கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைதான். என்ன போட்டிருக்கிறது என்று எழுதாத டப்பாவில் விற்கிற 'ஸ்பெஷல் பிரசவ லேகியம்' எதையும் வாங்காதீர்கள். அதே கடையில் பிள்ளைக்கு உரை மருந்தும் வசம்பும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் பிள்ளையின் வாயில் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன், வாங்கவே இல்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். "பச்ச ஒடம்புக்காரிக்கு சொம்பு சொம்பா தண்ணி குடுக்காதடி, வயிறு போட்டுக்கும்" என்றாள் அத்தை. "அத்த, அவ பால் குடுக்கணும், மலச்சிக்கல் வந்தா தையல் பிரிஞ்சிரும்போல முக்கணும். தாகத்துக்குத் தண்ணி குடிக்கட்டும்" என்றேன். சுகாதாரச் செவிலியர் வந்து அதையே சொன்ன பிறகு அத்தை சமாதானமாகி, சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அவளே பிளாஸ்கில் ஊற்றிவைக்க ஆரம்பித்தாள். பத்தியம் என்று பழத்தையும் காயையும் நிறுத்துவதும் இதே ரகம்தான். கொய்யா, பப்பாளி, கீரை, உலர்ந்த அத்தி எல்லாம் கொடுத்தோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தங்கைக்கு வயிறு லேசாக இருந்தது.

சமையல் சாமானில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் நாளைக்கு 600 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கு. கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு அது. கறுப்பு உளுந்து, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், எள், கேழ்வரகு வாங்கி வைத்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டு நாங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலிருந்தே வருவதால் நல்லதாகக் கிடைத்தது. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி வைக்கிற பத்தியக் குழம்பு, உளுந்தங்களி, முருங்கைக்கீரைப் பொரியல், பால்சுறாப் புட்டு என்று மாற்றி மாற்றிச் செய்தோம். சுறா மீன் பாலைச் சுரக்கவைக்கும் என்று அத்தை சொல்வாள். ஆனால் பிள்ளை அடிக்கடி சப்பிக் குடித்தால்தான் பால் ஊறும். சுறாப்புட்டு ருசியாக இருக்கும், புரதம் கிடைக்கும், அதற்காகவே செய்யலாம்.

ராத்திரிப் பசியை மறந்துவிடாதீர்கள். இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அகோரமாகப் பசிக்கும். அந்த நேரத்தில் யாரையும் எழுப்பக் கூச்சப்பட்டே படுத்துவிடுவாள். கட்டில் பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டியில் எள்ளுருண்டை, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், வாழைப்பழம், பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். கையை நீட்டினால் எட்ட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தருகிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சை, ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். அதைத் தாய்க்கென்று தனியே எடுத்து வையுங்கள். பல வீடுகளில் அந்த நெய் வந்த அன்றைக்கே சமையலறைக்குப் போய்விடுகிறது.

மாத்திரை வேறு. இரும்புச்சத்து மாத்திரை பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள் போட வேண்டும், கால்சியமும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. காலையும் இரவும் கால்சியம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு என்று தனித்தனி டப்பாவில் போட்டு, நேரத்தை மேலே எழுதி ஒட்டினேன். இரும்பு மாத்திரை போட்டவுடன் டீ குடிக்கக் கூடாது என்பதையும் எழுதினேன். தங்கை ஒரு டீப் பைத்தியம்.

பால் உறிஞ்சும் பம்ப், புட்டி, பால்பவுடர் டப்பா, இடுப்பு பெல்ட் எதுவும் முன்கூட்டி வாங்கவில்லை. தேவை என்று டாக்டர் சொன்னால் அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம். ஆபரேஷன் ஆனவர்கள் வயிற்றுக்கட்டு கட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்க முடியாத ஒன்றையும் தயார் செய்தேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பீரோவில் ஒட்டினேன்: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டியாக உதிரம் வந்தால், துர்நாற்றம் வீசினால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடாத தலைவலியோடு கண் மங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே 108. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் தூக்கமின்மையும் விடவில்லை என்றால் அதற்கும் டாக்டரிடம் போக வேண்டும். அதையும் அதே தாளில் எழுதினேன். படித்துப் பார்த்த தங்கை வீட்டுக்காரர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

மருத்துவமனையிலிருந்து 102 வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், காசு கிடையாது. அதன் பிறகு 42 நாள் வரை சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு அவர் கிளம்பப் பார்த்தால், தாய்க்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், தையலைக் காட்டுங்கள், ரத்தச்சோகைக்குப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். மாத்திரை தீரப்போகிறது என்றால் அப்போதே அவரிடம் சொல்லி அடுத்த மாதத்துக்கும் வாங்கிவிடுங்கள்.